குளிப்பாட்டப் போவது யார்?

பணி ஓய்வு பெற்ற பிறகு உலு திராமில் என் வீட்டு வாசலில் கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தேன். பழைய கிளினிக்கிலிருந்து கூப்பிட்டார்கள். புதிதாக வந்த மிசிகளுக்கு, நர்ஸ்களை இங்கே அப்படித்தான் சொல்வோம், ஏதோ பயிற்சியாம், நீங்களும் வந்து நாலு வார்த்தை பேசுங்கள் என்றார்கள். போனேன். எச்.ஐ.வி.யோடு வாழும் வயதானவர்களிடம், கடைசிக் காலத்தில் என்ன வைத்தியம் வேண்டும், என்ன வேண்டாம், அவர்களுக்குப் பதிலாக யார் பேசுவது என்றெல்லாம் முன்கூட்டியே பேசி வைப்பது பற்றிய பயிற்சி. திரையில் முதல் வரி, 'உரையாடலைத் தொடங்குங்கள்' என்றிருந்தது. அதற்குக் கீழே தலை நரைத்த தம்பதி ஒன்று கைகோத்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

தொடங்குவதாம். நம் ஆட்களிடம் சாவைப் பற்றி வாயைத் திறந்தால் "வாயக் கழுவுங்க மிசி" என்பார்கள். அந்த நோயின் பெயரைச் சொன்னால் எழுந்தே போய்விடுவார்கள். இந்த இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் பேச வேண்டும், அதற்குத் துணையாக ஒரு சிரிக்கிற தம்பதியின் படம்.

பயிற்சி முடிந்ததும் ஒரு சின்னப் பெண் வந்து, "மிசி, நாங்க கேட்டா யாருமே பேச மாட்டேங்கறாங்க லா, என்ன செய்யறது?" என்றாள். அவளுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. படுக்கை விரிக்கவும், ஊசி போடவும், வாயை மூடிக்கொண்டிருக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். கடைசியாகச் சொன்னதுதான் எனக்குக் கடைசிவரை வேலைக்கு உதவியது. தொற்றுநோய்க் கிளினிக்கிற்கு யாரும் போக விரும்பாத காலத்தில் என்னைத் தூக்கி அங்கே போட்டார்கள். ஆரம்பத்தில் எங்கள் வேலை, இளவயதுக்காரர்களைச் சாவுக்குத் தயார்செய்வது. பிறகு நல்ல மருந்து வந்தது. போய்விடுவார்கள் என்று நாங்கள் முடிவு கட்டியவர்கள் எல்லாம் மூட்டு வலி, கண்புரை, இனிப்பு நீர் என்கிற சர்க்கரை நோய் என்று வரிசையில் வந்து நின்றார்கள். இவர்களுக்கு வயதாகும் என்று யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை. அவர்களும் யோசிக்கவில்லை. இருபது வருடம் ஒளித்துப் பழகியவர்களுக்கு, வயதான பிறகு என்ன செய்வது என்று எங்கே யோசிக்கத் தோன்றும்.

எப்படி ஒளித்தார்கள் என்று பார்க்க வேண்டுமானால் எங்கள் கிளினிக் கழிவறைக் குப்பைத் தொட்டியைப் பார்த்தால் போதும். மருந்து வாங்கிய கையோடு அங்கே போய் பாட்டிலில் ஒட்டியிருக்கும் பெயர்த் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, மாத்திரைகளை வைட்டமின் பாட்டிலில் கொட்டிக்கொண்டு போவார்கள். சாயங்காலம் தொட்டி நிறையத் தாள். துப்புரவு செய்யும் அக்கா என்னைத்தான் திட்டுவாள்.

எனக்கு மேலே இருந்தவர் சிஸ்டர் ரொஹானா. குள்ளமான மலாய்க்காரப் பெண்மணி, குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நோயாளியோடு முக்கியமான பேச்சு என்றால் அறையை அவரே தயார்செய்வார். மேசையைச் சுவரோரம் தள்ளிவிடுவார், நடுவில் மேசை இருந்தால் மக்கள் அதிகாரியிடம் பேசுவது போலப் பேசுவார்கள் என்று. டிஷ்யூ பெட்டியை எடுத்து அலமாரிக்குள் வைப்பார். கண்ணுக்கு முன்னால் அது இருந்தால் 'அழவேண்டிய விஷயம் வரப்போகிறது' என்று ஆட்கள் முன்கூட்டியே பயந்துவிடுவார்களாம். அழுதால் அப்போது எடுத்துக் கொடுப்பார். எல்லாருடைய கைப்பேசியும் ஜன்னல் விளிம்புக்குப் போக வேண்டும், டாக்டருடையது உட்பட. பிறகு கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்பார். பதில் வரும்வரை வாயைத் திறக்க மாட்டார். எனக்கு அதுதான் தாங்காது. யாராவது மௌனமாக இருந்தால் எனக்குக் கை அரிக்கும், நாக்கும் அரிக்கும்.

அவருடைய சட்டம் ஒன்றுதான். நோயாளி உன்னிடம் சொன்னது நோயாளியின் சொத்து, அதை அவருடைய புருஷனுக்குக்கூட எடுத்துக் கொடுக்க உனக்கு உரிமை இல்லை. நல்ல சட்டம்தான். அது என்னைப் பைத்தியமாக்கியது பவுனம்மா விஷயத்தில்.

பவுனம்மா எஸ்டேட் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். மாசாயில் ஒரு பிளாட்டில் மகன் சேகர், மருமகள் கலா, பேரன் பிரேமோடு இருந்தார். கணவர் லாரி ஓட்டியவர், அவரிடமிருந்துதான் நோய் வந்தது. நல்ல மருந்து வருவதற்கு முன்பே அவர் போய்விட்டார். அந்தக் காலத்து வழக்கப்படி உடலைப் பிளாஸ்டிக்கில் சுற்றி, பெட்டியை மூடி ஆணி அடித்துக் கொடுத்தார்கள். குளிப்பாட்டவில்லை, வாய்க்கரிசி போடவில்லை, யாரும் முகம் பார்க்கவில்லை. உறவுக்காரர்களுக்கு ஏதோ விஷக் காய்ச்சல் என்று சொல்லிச் சமாளித்தார்கள்.

பவுனம்மாவுக்கு மருந்து நன்றாக வேலை செய்தது. வேளை தவறாமல் விழுங்குவார். ரத்தப் பரிசோதனையில் கிருமி தெரியவே தெரியாத அளவுக்கு அடங்கியிருந்தது. ஆனாலும் அவர் வீட்டில் தனக்கென்று தனித் தட்டும் தனி டம்ளரும் வைத்திருந்தார். எவர்சில்வர் டம்ளர், பெயர் பொறித்தது. கேட்டவர்களிடம் அம்மனுக்கு வேண்டுதல் என்று சொல்லி வைத்திருந்தார். அந்த டம்ளரை வேறு யாரும் தொடக்கூடாது. தொற்றாது, தட்டிலும் டம்ளரிலும் தொற்றவே தொற்றாது என்று நானும் ஒவ்வொரு முறையும் தொண்டை காயச் சொல்லுவேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய் அதையேதான் செய்வார்.

"மிசி, என் மவனுக்கு மட்டும் தெரியக்கூடாது. உயிர விட்டுடுவேன்," என்பார். சரி, சொல்ல மாட்டேன்.

பிறகு ஒரு நாள் சேகர் கார் நிறுத்துமிடத்தில் என்னைப் பிடித்தான். சிங்கப்பூரில் வேலை, தினமும் மோட்டாரில் பாலத்தைக் கடந்து போய் வருகிறவன். "மிசி, எனக்கு எல்லாம் தெரியும். அப்பா பெட்டிய ஆணி அடிச்சப்பவே தெரியும். அம்மா மாத்திரைய போன்ல தேடிப் பாத்துட்டேன். எனக்குத் தெரியும்னு அம்மாகிட்ட காட்டிக்காதீங்க, கூனிக் குறுகிப் போயிடுவாங்க. என் பொண்டாட்டிக்கு மட்டும் தெரியவே கூடாது. தெரிஞ்சா வீட்ட ரெண்டாக்கிடுவா."

உங்கள் அம்மாவைப் பற்றி நான் எதுவும் பேச முடியாது என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அதற்கும் பிறகு, பவுனம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டு நடக்க முடியாமல் போனதும், கலா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வர ஆரம்பித்தாள். அத்தையை ரத்தம் எடுக்க உள்ளே விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மிசி, அத்தைக்கு இருக்கற எச்.ஐ.வி. தொட்டா ஒட்டுமா?"

"நோயாளியப் பத்தி நான் பேசக்கூடாதும்மா. பொதுவா கேட்டா சொல்றேன். எச்.ஐ.வி. தொட்டா, ஒன்னா சாப்பிட்டா, குளிப்பாட்டினா ஒட்டாது."

"நீங்க ஒன்னும் பேச வேணாம். வீட்டுல பாத்திரம் கழுவறவ நான். பிரேம் வயித்துல இருக்கறப்ப எனக்கும் அந்த டெஸ்ட் எடுத்தாங்க, அந்த மிசி எல்லாம் விளக்கிச் சொன்னாங்க. பொறந்த புள்ளைய அத்தை ஒரு முத்தம் குடுக்கல. அப்பவே புரிஞ்சிடுச்சு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அவருக்குத் தெரியாது மிசி. தெரிஞ்சா மனசொடைஞ்சு போயிடுவாரு. சொல்லிடாதீங்க."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். உண்மையாகவே அடித்துக்கொண்டேன், பக்கத்தில் இருந்த அட்டெண்டண்ட் திரும்பிப் பார்த்தார். ஒரு வீட்டில் மூன்று பெரியவர்கள். மூன்று பேருக்கும் தெரியும். தனக்குத் தெரியும் என்பது மற்ற இரண்டு பேருக்குத் தெரியாது என்று ஆளாளுக்கு நம்பிக்கொண்டு, ஒரே சமையலறையில் வருடக்கணக்காக நாடகம். பூட்டுப் போட்டது அவர்கள், மூன்று சாவியும் என் இடுப்பில்.

அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் பவுனம்மாவின் இதயமும் பலவீனமாகிவிட்டது. டயாலிசிஸ் செய்தால் உடம்பு தாங்காது என்றார்கள். மூச்சு முட்டும்போது மெஷின் வைப்பதா, வார்டிலா வீட்டிலா, யார் அவருக்காகப் பேசுவது என்று கேட்டு வைக்க வேண்டிய நேரம் வந்தது. இளம் டாக்டர் ஒருவர் கேட்டார், நான் தமிழில் சொன்னேன். பவுனம்மா பளிச்சென்று பதில் சொன்னார். "வீட்டுக்கு வேணாம். இங்கியே மெஷின வைங்க, இங்கியே முடிச்சு, அவர அனுப்புன மாதிரி பெட்டிய மூடி நேரா சுடுகாட்டுக்கு அனுப்பிடுங்க."

டாக்டருக்கு ஒரே சந்தோஷம். நோயாளியின் விருப்பம் தெளிவாக இருக்கிறது என்றார். என்ன தெளிவோ. வார்டு குளிரில் ஒரு ராத்திரி தங்க வேண்டும் என்றாலே தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு 'என்னய வீட்டுக்கு அனுப்புங்க' என்று நச்சரிக்கிற மனுஷி அவர். புருஷனை ஆணி அடித்து அனுப்பியதை நினைத்து இன்றுவரை அழுகிறவர். டாக்டர் போனதும் நான் விடவில்லை.

"என்னாத்துக்கு அப்படிச் சொன்னீங்க?"

"வீட்டுல செத்தா குளிப்பாட்டுவாங்க மிசி."

"குளிப்பாட்டட்டுமே."

"எண்ண சீயக்கா வெக்கறது மருமவதானே. தெரியாம கலா என்னயத் தொட்டா அந்தப் பாவம் எனக்கு. தெரிஞ்சா அவ தொட மாட்டா, எல்லார் முன்னாடியும் ஒதுங்கி நிப்பா. இந்த ரெண்டுல எத நான் பாக்கறது? வாணாம் மிசி. பெட்டிய மூடிடுங்க."

தொட்டால் ஒட்டாது, கையுறை போட்டுக்கொண்டால் போதும், இப்போதெல்லாம் யாரையும் அப்படி மூடி அனுப்ப வேண்டியதில்லை என்றேன். "அப்பறம் ஏன் அவர மூடுனாங்க?" என்றார். அந்த ஆணியை அடித்தவன் யாரோ, அவன் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. மருமகள் கையால் ஒரு சொம்புத் தண்ணீர், இந்த மனுஷிக்கு வேண்டியது அவ்வளவுதான். அது வேண்டாம் என்று சொல்வதற்காக மெஷினில் கிடந்து சாகத் தயாராக இருந்தார். அந்த மருமகளுக்கு எல்லாம் தெரியும் என்பது எனக்குத் தெரியும். சொல்ல முடியாது. கலாவிடம் பேசிப் பாருங்கள், நான் பேசட்டுமா, ஒரு வார்த்தை சொல்லட்டுமா என்று பார்க்கும்போதெல்லாம் கெஞ்சினேன். முடியாது என்றால் முடியாது.

சிஸ்டர் ரொஹானாவிடம் போய்க் கொட்டித் தீர்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சொல்லக்கூடாது. கேட்கலாம்," என்றார் மலாயில். அவ்வளவுதான். அடுத்த வாரம் குடும்பத்தை வரச்சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு சக்கர நாற்காலிக்கு இடம் இருக்குமா என்று மேசையை அளக்கப் போய்விட்டார். எனக்கு அவர் மேலும் எரிச்சல்.

அன்று மேசை சுவரோரம். டிஷ்யூ அலமாரியில். கைப்பேசிகள் ஜன்னலில். பவுனம்மா சக்கர நாற்காலியில், ஒரு பக்கம் மகன், ஒரு பக்கம் மருமகள். டாக்டர் மலாயில் கேட்பார், நான் தமிழில் சொல்ல வேண்டும்.

"மூச்சு முட்டுனா மெஷின் வெக்கணுமான்னு கேக்கறாரு."

சேகர் முந்திக்கொண்டான். "எல்லாத்தையும் வைங்க மிசி. என்னென்ன இருக்கோ அத்தனையும். எங்கம்மாவுக்கு ஒரு கொறையும் வெக்கக்கூடாது."

"உங்கம்மாவத்தான் கேக்கறாரு."

"வெக்கட்டும். வீட்டுக்கு மட்டும் வேணாம்," என்றார் பவுனம்மா, தரையைப் பார்த்துக்கொண்டு. கலா மடியில் இருந்த பையின் வாரைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் பேனாவை எடுத்தார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. டாக்டர் கேட்காத ஒன்றை நான் தமிழில் கேட்டேன்.

"சரி. செத்த பெறவு இவங்கள யாரு குளிப்பாட்டுவீங்க?"

சேகர் எழுந்தே விட்டான். "என்ன மிசி நீங்க. உயிரோட உக்காந்திருக்காங்க, அவங்கள வெச்சுக்கிட்டுக் கேக்கற கேள்வியா இது. ஒங்க வாயில நல்ல வார்த்தையே வராதா."

"டுடோக், சேகர்," என்றார் சிஸ்டர் மலாயில், அதே உயராத குரலில். உட்கார்ந்தான்.

"நாந்தான் குளிப்பாட்டுவேன்," என்றாள் கலா. "வேற யாரு இருக்கா."

"நீ தொடக்கூடாது," என்றார் பவுனம்மா.

"ஏன் அத்தை?"

சிஸ்டர் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கக்கூடாது என்று கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டேன்.

"எனக்கு ஒரு வேண்டுதல்," என்று பவுனம்மா ஆரம்பித்தார்.

"போதும் அத்தை," என்றாள் கலா. "மீன் கொழம்பு ஊத்தி சாப்பிட்டுக்கிட்டு என்னா வேண்டுதல். ஒங்க வேண்டுதல் டம்ளர்லதான் நான் தெனமும் காப்பி குடிக்கிறேன். பிரேம் நடக்க ஆரம்பிச்சதிலேருந்து குடிக்கிறேன். மத்தியானம் நீங்க தூங்கப் போனதும் அதுலதான் ஊத்திக்குவேன்."

"என் டம்ளரையா? யாரக் கேட்டுத் தொட்ட?" பவுனம்மா மருமகள் பக்கம் திரும்பினார். "அதுல ஏன் குடிச்ச? ஒனக்கு ஏதாச்சும் ஆயிருந்தா?"

"ஒன்னும் ஆவாதுன்னு அந்த மிசி சொன்னாங்க. நான் அத நம்பறேனா இல்லியான்னு எனக்கே தெரியல. அதான் குடிச்சுப் பாத்தேன். மொத நாளு வாந்தி வர்ற மாதிரி இருந்துச்சு, பொய் சொல்லல. அப்பறம் பழகிப்போச்சு."

சேகர் பெண்டாட்டியைப் பார்த்தான். "அப்பன்னா ஒனக்குத் தெரியுமா?"

"ஒங்களுக்கும் தெரியுமா?" என்றாள் அவள்.

பவுனம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். டாக்டர் என் பக்கம் குனிந்து, என்ன பேசுகிறார்கள் என்று கேட்டார். "டம்ளரைப் பற்றி," என்றேன். சிஸ்டர் எழுந்து அலமாரியைத் திறந்து டிஷ்யூ பெட்டியை எடுத்தார். முதலில் நீட்டியது என்னிடம். எனக்கு அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் வாங்கிக்கொண்டேன்.

கொஞ்சம் அடங்கியதும் பவுனம்மாவே பேசினார். மெஷின் வேண்டாம், வீட்டுக்கே போகலாம் என்றார். யார் அவருக்காகப் பேசுவது என்று கேட்டேன். சேகர் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவர் மகன் பக்கம் திரும்பி, "கொள்ளி நீ வை. பேசறத அவ பேசட்டும்," என்றார். டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினார்.

இத்தோடு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தால் நம் மக்களைத் தெரியவில்லை என்று அர்த்தம். பவுனம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும், பத்து பாகாட் என்ற ஊரிலிருந்து சேகரின் அப்பாவோடு பிறந்த அத்தை வந்து இறங்கினார். பெற்ற தாயை வீட்டில் வைத்துச் சாகவிடுகிறாயா என்று சத்தம். அம்மாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகச் சேகர் காடிச் சாவியைக் கையில் எடுத்துவிட்டான். கலா எனக்குப் போன் போட்டு, அதை அணைக்காமலே கதவை மறித்து நின்றதை நான் இந்தப் பக்கத்திலிருந்து கேட்டேன். "ஒங்கம்மா சொன்னத நீங்களும்தான் கேட்டீங்க. நான் பேசணும்னு சொன்னாங்க, இப்ப நான் பேசறேன். சாவிய வைங்க." அவன் வைத்தான். வீட்டுக்கு வந்து பார்க்கும் குழுவை உடனே அனுப்பச் சொன்னேன். மூச்சு முட்டலைத் தணிக்கிற மருந்தைக் கொடுத்தார்கள். மறுநாள் மத்தியானம், தன் தலையணையில், தன் கட்டிலில் பவுனம்மா போய்விட்டார்.

கையுறைப் பெட்டியோடு நான் போய்ச் சேர்ந்தேன். "நீங்க யாரு?" என்றார் பத்து பாகாட் அத்தை. "கிட்னி மிசி," என்றாள் கலா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. குளிப்பாட்டும் இடத்தில் அவள் கையுறையை மாட்டுவதைப் பார்த்து அந்த அத்தை ஏன் என்று கேட்டார். "கையில புண்ணு," என்றாள். ஒரு பொய்யை எடுத்தால் அந்த இடத்தில் இன்னொன்றை நட்டுவிடுகிறார்கள். நான் என்ன சொல்ல. ஆனால் அவள்தான் முதலில் எண்ணெய் வைத்தாள், சீயக்காய் தேய்த்தாள், காது மடலுக்குப் பின்னால் விரலை விட்டுக் கழுவினாள், உயிரோடு இருப்பவருக்குச் செய்வது மாதிரி "கண்ண மூடிக்குங்க அத்தை" என்று சொல்லித் தலையில் தண்ணீர் ஊற்றினாள். வாய்க்கரிசி போடும்போது கையுறையைக் கழற்றிவிட்டாள். பெட்டி கடைசிவரை திறந்தே இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் முகம் பார்த்தார்கள்.

கருமக்கிரியை அன்றும் கூப்பிட்டார்கள், போனேன். எல்லாருக்கும் கண்ணாடிக் கிளாஸில் காப்பி வந்தது. எனக்கு மட்டும் கலா ஓர் எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தாள். விளிம்புக்குக் கீழே பவுனம்மா என்று பொறித்திருந்தது. "அது அவங்க வேண்டுதல் டம்ளராச்சே, அதுலயா குடுக்கற?" என்றார் பத்து பாகாட் அத்தை. "அதெல்லாம் முடிஞ்சிடுச்சு," என்றாள் கலா. நான் குடிக்கிறேனா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

காப்பியில் சீனி கண்டபடிக்கு இருந்தது. எனக்கு இனிப்பு நீர். அது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. என் வீட்டிலும் நான் இன்னும் சொல்லவில்லை. கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு டம்ளரைக் கொடுத்தேன்.